புது பிரேக் போட்டும் ஏன் இந்த வாடை?

தெமோதரையில் இருக்கும் என் அண்ணன் வீட்டில், லொறி வருவதை முதலில் அறிவிப்பது ஹோர்ன் சத்தம் அல்ல, வாடைதான். கடந்த தை மாதத்தில் இரண்டு வாரம் அப்படித்தான் இருந்தது. ரப்பரும் ரோமமும் சேர்த்துக் கருக்கியது போன்ற ஒரு நெடி வளைவைத் தாண்டி முதலில் வரும். பின்னால் லொறி வரும். அடுப்படியில் நின்ற அண்ணி, "அந்தா, வந்துட்டாரு" என்பார்.

அது பழைய இசுசு எல்ஃப் லொறி. காலையில் சிறுதோட்டக்காரர்களின் கொழுந்து மூட்டைகளை ஏற்றிப் பெக்டரிக்குக் கொண்டுபோகும். மாலையில் கோவா, போஞ்சி, விறகு என்று கிடைக்கும் சுமையை ஏற்றும். நாட்டில் 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களும் எங்களைப் போன்ற குடும்பங்கள் பழைய லொறியையே தட்டிக்கொட்டி ஓட்டின. இறக்குமதி திறந்த பிறகும் புது லொறியின் விலையைக் கேட்டுவிட்டுப் பழையதற்கே திரும்பி வந்தோம் என்பது வேறு கதை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது, அந்த லொறி பல நாள் சேற்றுத் தண்ணீரிலேயே ஓடியது. அதற்குப் பிறகு பிரேக் மிதிக்கும்போது உராய்கின்ற சத்தம் கேட்டது. கழற்றிப் பார்த்தால் பிரேக் ஷூக்களின் லைனிங் ஆணி மட்டத்துக்குத் தேய்ந்திருந்தது. நான்கு சக்கரத்துக்கும் புது ஷூ போட்டார்கள். கையில் இருந்த காசு அதோடு தீர்ந்தது. அதன் பிறகுதான் இந்த வாடை தொடங்கியது.

"புது ஷூ அப்படித்தான் இருக்கும், நாலு நாள் ஓடினா சரியாகிடும்" என்றார்கள். இது முழுப் பொய்யும் அல்ல. புதிய லைனிங் டிரம்மின் உள்வட்டத்தோடு பொருந்திப் படிய சிறிது தூரம் ஓட வேண்டும். அதுவரை லேசாக உரசும், லேசாக மணக்கும். ஆனால் நாலு நாள் எட்டு நாளாகி, எட்டு நாள் பதினான்கு நாளான பிறகும் அதே பதிலைச் சொன்னால் அதை ஏற்க முடியுமா?

அண்ணனும் ஏற்றுக்கொண்டார். அண்ணிதான் ஏற்கவில்லை.

நோட்டுப் புத்தகம் சொன்ன சாட்சி

அண்ணி சாதாரண தரம் வரை படித்தவர். லொறியின் வரவு செலவுக் கணக்கை ஒரு மாட்டுப் படம் போட்ட கொப்பியில் எழுதி வருகிறார். வாரா வாரம் எத்தனை லீற்றர் டீசல், எத்தனை நடை என்று அதில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கூட்டிப் பார்த்தால், வழக்கமாக 60, 61 லீற்றர் போகும் இடத்தில் 71 லீற்றர் போயிருந்தது. நடை கூடவில்லை. பாதையும் மாறவில்லை. அந்தப் பத்து லீற்றர் எங்கே போனது?

யாரோ திருடினார்கள் என்றுதான் முதலில் சண்டை வந்தது. உண்மையில் அதை எடுத்தது பிரேக்தான். பிரேக் முழுதாக விடாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தால், அந்தப் பிடியை எதிர்த்து இழுக்க இயந்திரம் கூடுதலாக எரிபொருளைக் குடிக்கும். அந்தக் கூடுதல் இழுவை டிரம்மில் சூடாக வெளியேறும். டீசலை ஊற்றி டிரம்மைச் சுட்டுக்கொண்டிருந்தோம் என்று சொன்னால் சரி.

அண்ணி அடுத்த நாள் லொறி வந்து நின்றவுடன் ஒரு கோப்பைத் தண்ணீரோடு போனார். நான்கு சக்கரத்தின் நடுப்பாகத்திலும் விரலால் சொட்டுச் சொட்டாகத் தெளித்தார். முன் வலது சக்கரத்தில் தண்ணீர் சும்மா வழிந்தது. பின்பக்கம் இரண்டிலும் மெல்ல ஆவி பறந்தது. முன் இடது சக்கரத்தில் தோசைக்கல்லில் விழுந்ததுபோல் 'சுர்' என்று துள்ளி மறைந்தது. (கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியைக் காட்டிப் பார்த்ததாகவும் சொன்னார். காய்ச்சல் பார்க்கச் செய்த கருவி, பாவம், எண்ணே காட்டாமல் திணறியதாம்.)

சகோதரிகளே, இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். ஆனால் ஓடி வந்த டிரம்மைக் கையால் தொட்டுவிட வேண்டாம். தோல் ஒட்டிக்கொள்ளும் அளவு சூடு அதில் இருக்கலாம்.

மலையில் இது ஏன் உயிர்ப் பிரச்சினை?

சமதரையில் ஓடும் லொறிக்கு இது டீசல் செலவோடு போய்விடும். எங்கள் பக்கம் அப்படியல்ல. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையே ஏறக்குறைய 550 மீற்றர் உயர வித்தியாசம் இருக்கிறது. தெமோதரை அந்த இறக்கத்தின் நடுவில் இருக்கிறது. சுமையோடு 5 தொன் எடையுள்ள ஒரு லொறி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தியைக் கணக்குப் பார்த்தால், அது 80 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது! கீழ்க் கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இயந்திரம் தாங்கிக்கொள்ளும். மீதியைப் பிரேக் டிரம்கள்தான் விழுங்க வேண்டும். ஏற்கெனவே பிடித்துச் சூடேறிப்போன டிரம்முக்கு அதை விழுங்க இடமேது?

நமது முன்னோர் இந்தச் சரிவை எப்படி மதித்தார்கள் என்பதற்கு எங்கள் ஊர் ரயில் பாதையே சாட்சி. மலைநாட்டுப் பாதையில் ரயில் 44 அடி ஓடினால் 1 அடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று வைத்துக் கட்டினார்கள். தெமோதரையில் அந்த அளவுக்கு இடம் போதவில்லை. அதனால் பாதையை மலையைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கம் வழியாகப் போகவிட்டார்கள். 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது இந்த வளையத்தின் வழியாகத்தான். ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் எஞ்சினியர் விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை வந்தது என்று இங்கே ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, தலைப்பாகை எங்கள் ஆட்களுடையது என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை!

ரயிலுக்குச் செய்த இந்த மரியாதையை வீதிக்கு யாரும் செய்யவில்லை. லொறி தன் பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, பக்கத்தில் எல்ல - வெல்லவாய வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து இந்தப் பக்கத்துப் பெண்கள் வாகனம் ஏறும்போது சாமியைக் கும்பிடுவது கூடியிருக்கிறது. அண்ணனின் லொறியில் கொழுந்து மூட்டை மேலே ஏறி உட்கார்ந்து வருகிறவர்களும் பெண்கள்தான். "அவங்க பிள்ளைகளுக்கு நான் என்னா பதில் சொல்றது?" என்றுதான் அண்ணி அன்று அண்ணனிடம் கேட்டார். அதற்குப் பிறகு லொறி இரண்டு நாள் முற்றத்தை விட்டு நகரவில்லை. இரண்டு நாள் வருமானமும் இல்லை.

பிடிப்பது ஒன்று, விடுவது ஒன்று

பக்கத்து லயத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்து பெட்போர்ட் லொறியை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரை அழைத்து வந்தார்கள். வந்தவர் சொன்ன முதல் வார்த்தையே எனக்குப் பாடமாகிவிட்டது. "பிரேக்குக்கு ரெண்டு வேல இருக்கு புள்ள. பிடிக்கிறது ஒண்ணு, விடுறது ஒண்ணு. எல்லாரும் பிடிக்குதான்னு மட்டும்தான் பாக்குறாங்க."

டிரம் பிரேக் என்பது மிக எளிமையான ஏற்பாடு. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புச் சட்டிதான் டிரம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. பெடலை மிதித்தால் பிரேக் ஒயில் குழாய் வழியாக வந்து, சக்கரத்தில் உள்ள சின்ன சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஷூக்களை விரித்து டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். காலை எடுத்தால் ஸ்பிரிங்குகள் ஷூக்களைத் திரும்ப இழுக்கும். ஒயிலும் வந்த வழியே மேலே திரும்பும். ஆக, பிடிப்பதற்கு நமது கால்பலம் இருக்கிறது. விடுவதற்கு ஸ்பிரிங்கின் பலம் மட்டும்தான். அதனால்தான் பழைய வண்டியில் பிடிப்பதை விட விடுவதே முதலில் கெடுகிறது.

முதலில் பின் சக்கரங்கள். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கல் வைத்து, ஜேக் அடித்துத் தூக்கி, அதன் கீழ் மரக்கட்டை முட்டுக் கொடுத்தார்கள். ஜேக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்குக் கீழே போகக் கூடாது. மலைச்சரிவு முற்றத்தில் சொல்லவே வேண்டாம். கையால் சுற்றினால் பின் சக்கரம் நகர மறுத்தது. பின்தட்டில் உள்ள துவாரத்துக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டு, பற்சக்கரம் போன்ற அஜஸ்டரைப் பெரியவர் சில பற்கள் திருப்பினார். சக்கரம் விட்டது. புதிய ஷூவின் தடிப்பைக் கணக்கில் எடுக்காமல் அஜஸ்டரை இறுக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். சக்கரம் பூட்டும் வரை இறுக்கி, பிறகு தாராளமாகச் சுற்றி, எங்கோ ஓரிடத்தில் மட்டும் 'ஸ்ஸ்' என்று மெல்லிய உரசல் கேட்கும் வரை தளர்த்த வேண்டும். சூடு போகட்டும் என்று அதற்கு மேலும் தளர்த்தினால் பெடல் தரையைத் தொடும். அது இன்னொரு ஆபத்து.

சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கும் இதே பின் ஷூக்களைத்தான் இழுக்கும். அப்படியானால் அந்தக் கேபிளைத் தளர்த்திவிட்டுத்தான் அஜஸ்டரில் கை வைக்க வேண்டும். எங்கள் லொறிக்கு ஹேண்ட் பிரேக் கியர்பெட்டிக்குப் பின்னால் தனியாக இருக்கிறது. ஆகவே அந்தச் சிக்கல் இல்லை.

முன் இடது சக்கரத்தின் பிடிவாதம்

முன் இடது சக்கரம் வேறு மாதிரி. தூக்கிய நிலையில் அது நன்றாகவே சுற்றியது. அண்ணியைச் சாரதி ஆசனத்தில் உட்காரவைத்து, பெடலை மிதித்து விடச் சொன்னார் பெரியவர். விட்ட பிறகும் சக்கரம் இறுகியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மெல்ல மெல்ல விட்டது.

பெரியவர் சக்கர சிலிண்டரில் காற்று எடுக்கும் ஆணியைச் சற்றே திறந்தார். சரக்கென்று ஒயில் பீறியது. அந்தக் கணமே சக்கரம் விட்டது. இங்கேதான் நோய் எந்தப் பக்கம் என்று தெரிகிறது. ஆணியைத் திறந்ததும் சக்கரம் விட்டால், ஒயில் திரும்பிப் போக வழியின்றி உள்ளே சிக்கியிருக்கிறது. திறந்த பிறகும் விடாவிட்டால் தவறு இரும்புப் பக்கம் இருக்கிறது: அஜஸ்டர், ஸ்பிரிங், ஹேண்ட் பிரேக் கேபிள், துருப்பிடித்து நின்ற பிஸ்டன், அல்லது தேய்ந்த டிரம்மின் விளிம்பு மேட்டில் முட்டும் புது ஷூ.

ஒயில் எங்கே சிக்குகிறது? மீண்டும் மிதித்து இறுக வைத்துவிட்டு, இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தைத் தளர்த்தினார். சக்கரம் விடவில்லை. ஆகவே மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டர் குற்றவாளி அல்ல; அந்த ஹோஸ்தான். வெளியே பார்த்தால் நல்ல ஹோஸ். உள்ளே ரப்பர் ஊதி, துவாரம் ஊசிக்கண் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கால் அழுத்தும் பலத்துக்கு ஒயில் அந்த ஊசிக்கண்ணைத் தாண்டி இறங்கிவிடுகிறது. திரும்பி வர ஸ்பிரிங்கின் பலம் போதவில்லை. (இந்த இடத்தைத் தளர்த்தியதும் சக்கரம் விட்டிருந்தால் பார்வை மேலே போயிருக்கும். பெடலுக்குச் சிறிது வெற்று அசைவு இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரில் ஒயில் திரும்பும் சின்ன வழி திறக்காது.)

"அப்படின்னா பழைய ஷூ இருந்தப்போ ஏன் இப்படிப் பிடிக்கல?" என்று அண்ணி கேட்டார். நல்ல கேள்வி. எனக்கும் அதே சந்தேகம்தான். டிரம்மைக் கழற்றியபோது விடை கிடைத்தது. ஷூ புதிது, ஸ்பிரிங் பழையது. லைனிங் தேய்ந்திருந்த காலத்தில் ஷூ டிரம்மைத் தொட அதிக தூரம் விரிய வேண்டும். ஸ்பிரிங்கும் நன்றாக இழுபட்டு, அந்த விசையில் ஒயிலை எப்படியோ திருப்பித் தள்ளியது. புது லைனிங் தடிப்பானது. ஷூ கொஞ்சம் விரிந்தாலே போதும். தளர்ந்துபோன ஸ்பிரிங்குக்கு அந்தச் சிறு இழுவையில் பலமே வரவில்லை. ஷூ மாற்றும்போது ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான். மிச்சம் பிடித்தது சில நூறு ரூபா. போனது இரண்டு வார டீசல்.

பெரியவர் இன்னும் ஒன்றைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்: பிரேக் ரப்பர்களை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினீர்களா, பிரேக் ஒயிலுக்குப் பதிலாக வேறு எண்ணெய் ஊற்றினீர்களா? இல்லை என்றதும்தான் அவர் முகம் தெளிந்தது. பிரேக் ஒயில் என்று நாம் சொன்னாலும் அது இயந்திர எண்ணெய் வகை அல்ல. இயந்திர எண்ணெய் ஒரு கரண்டி சேர்ந்தாலும் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதிவிடும். நான்கு சக்கரமும் பிடித்துக்கொள்ளும். அப்போது எல்லா ரப்பரையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. குசினிப் போத்தலில் ஒயில் வாங்கி வரும் பழக்கம் உள்ளவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

மறுநாள் பதுளையிலிருந்து முன் ஹோஸ் இரண்டும், நான்கு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குகளும் வந்தன. ஒரு பக்கம் ஊதிய ஹோஸுக்கு மறுபக்கமும் அதே வயதுதானே! பழைய ஒயிலை வெளியேற்றியபோது அது பிளேன்டீ நிறத்தில் வந்தது. இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு 140 பாகைதான் அதற்குக் குறிக்கப்பட்ட எல்லை. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகி, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. இறக்கத்தில் இரண்டாவது தடவை மிதிக்க நேரம் கிடைக்குமா?

காற்று எடுக்கும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அன்று மாலை முழுக்க அண்ணிதான் பெடலில் இருந்தார். கீழேயிருந்து பெரியவர், "மிதிங்க… அப்படியே பிடிங்க… இப்ப விடுங்க" என்று குரல் கொடுக்க, குமிழி நிற்கும் வரை நான்கு சக்கரத்திலும் செய்தார்கள். லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

துவைக்கும் கைகளுக்கு ஒரு வார்த்தை

டிரம்மைத் திறந்ததும் உள்ளே கறுப்புத் தூள் படிந்திருந்தது. ஒரு தம்பி சைக்கிள் பம்பால் ஊத வந்தார். நான் தடுத்துவிட்டேன். பழைய லைனிங்குகள் பலவற்றில் அஸ்பெஸ்டஸ் சேர்ந்திருக்கும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் வெளிப்படப் பல பத்து வருடங்கள் ஆகலாம். அஸ்பெஸ்டஸ் வேலை செய்தவர்களின் உடுப்பைத் துவைத்த மனைவிமாருக்கே நோய் வந்ததை வெளிநாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கராஜ் வேலைக்குப் போகும் கணவரோ மகனோ உள்ள வீடுகளில் அந்த உடுப்பை உதறாதீர்கள். தண்ணீரில் நனைத்து, மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். டிரம்முக்குள் ஊதவோ காய்ந்த தூரிகையால் தட்டவோ வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அகற்றலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும், அண்ணன் கோபித்தாலும் பரவாயில்லை. 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், இறக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தி நியூட்ரலில் விடும் பழக்கம் அவருக்கு வந்தது. டீசல் மிச்சம் என்று நினைப்பு. ஆனால் இயந்திரம் நின்றால் பிரேக் பெடலுக்கு உதவும் வெற்றிட விசையும் ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும். கியரின் பிடியும் இல்லை. பழைய சாரதிகள் ஏறும்போது எந்தக் கியர் வேண்டியிருந்ததோ அதே கியரில்தான் இறங்குவார்கள். பெரியவர் இதை அண்ணனிடம் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது. இப்போது அண்ணன் இரண்டாவது கியரில்தான் இறங்குகிறார்.

முதல் ஓட்டம் வெற்று லொறியோடு ஹாலிஎல வரை. திரும்பி வந்ததும் அண்ணி கோப்பைத் தண்ணீரோடு நின்றார். நான்கு சக்கரத்திலும் தண்ணீர் ஒரே மாதிரி வழிந்தது. சற்று வெதுவெதுப்பு, அவ்வளவே. மறுநாள் கொழுந்து ஏற்றினார்கள்.

போன மாதம் நான் போயிருந்தபோது அந்த மாட்டுப் படக் கொப்பியைப் புரட்டினேன். வாரக் கணக்கு 61 லீற்றருக்குத் திரும்பியிருந்தது. அதற்குக் கீழே சிவப்புப் பேனாவில், 'பிரேக் ஒயில் - 2 வருசத்தில் மாத்தணும்' என்று அண்ணி எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தார்.